மெயிலை அழித்தேன், மீட்டர் அசையவில்லை

2025 ஆகஸ்டில் இங்கிலாந்தில் மழை பொய்த்துப் போனபோது, பழைய மின்னஞ்சல்களையும் படங்களையும் அழித்துவிடுங்கள், அவற்றைச் சேமித்து வைக்கிற டேட்டா சென்டர்களைக் குளிர்விக்கத் தண்ணீர் நிறைய செலவாகிறது என்று அங்கே அரசுத் தரப்பிலிருந்தே மக்களுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். அந்தச் செய்தியை அக்கா மகள் எனக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு, "மாமா, உங்க மெயில்ல 14 ஆயிரம் கெடக்கே, அழிச்சா நம்ம ஊர்ல மழை பெய்யுமா?" என்று கேட்டாள். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது. தண்ணீருக்காகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த ஊர். சரி, செலவில்லாத வேலைதானே என்று உட்கார்ந்து மூன்று ராத்திரி அழித்தேன். பழைய வங்கி அறிவிப்பு, தள்ளுபடி விளம்பரம், யாரோ அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் போயிற்று.

அப்புறம்தான் உறைத்தது. மூன்று ராத்திரியும் மேஜைக் கணினி ஓடியிருக்கிறது, ஃபேன் ஓடியிருக்கிறது, லைட் எரிந்திருக்கிறது. அங்கே எங்கேயோ ஒரு வட்டில் என்னுடைய ரெண்டு ஜிபி காலியானதற்காக அந்த வட்டை யாரும் நிறுத்திவிடப் போவதில்லை. உலகத்தின் டேட்டா சென்டர்கள் 2024ல் சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரம் எடுத்தன, உலக மின்சாரத்தில் அது 1.5 சதவீதத்தை ஒட்டி வரும் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கு. சின்னத் தொகை இல்லைதான். ஆனால் என் இன்பாக்ஸ் அதில் கடலில் கரைத்த பெருங்காயம்கூட இல்லை. அப்படியென்றால் என் டிஜிட்டல் பழக்கத்தில் எது உண்மையிலேயே தின்கிறது என்று அளந்து பார்த்துவிடலாம் என்று இந்தத் தடைக்காலத்தில் இறங்கினேன்.

தடைக்காலம் என்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது. மச்சான் விசைப்படகுக்காரர், அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டு டிவிக்கு முன்னால்தான் நங்கூரம் போட்டிருப்பார். உதவிக்கு ஆள் கிடைத்தாயிற்று.

முதலில் மீட்டர். தனியாகக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். வீட்டு வாசலில் இருக்கிற ஈபி டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டே இருக்கும், ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். எங்கள் மீட்டரில் 3200. அப்படியென்றால் கணக்கு சுலபம்: 1125ஐ ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலான விநாடிகளால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு எத்தனை வாட் எடுக்கிறது என்று வந்துவிடும். உங்கள் மீட்டரில் 1600 என்று இருந்தால் 1125க்குப் பதில் 2250 போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மத்தியானம் ஃபேன், லைட், மோட்டார் எல்லாவற்றையும் அணைத்து, ஃபிரிட்ஜின் பிளக்கையும் கால் மணி நேரத்துக்குப் பிடுங்கி வைத்துவிட்டு, அம்மாவிடம் வசவு வாங்கிக்கொண்டே வாசலில் நின்று எண்ணினோம். மச்சான் ஸ்டாப்வாட்ச், நான் விளக்கு. பத்துத் துடிப்புக்கு 190 விநாடி. ஒன்றுக்கு 19. வகுத்துப் பார்த்தால் 59 வாட்! ஒன்றுமே ஓடாத வீடு 59 வாட் குடித்துக்கொண்டிருக்கிறது. "எலி எங்கடா இருக்கு?" என்றார் மச்சான்.

எலியைப் பிடிக்க, தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பியிடம் பிளக்கில் சொருகிப் பார்க்கிற வாட் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கினேன். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில் இன்வெர்ட்டர் 24, செட்டாப் பாக்ஸ் 9, வைஃபை ரவுட்டரும் அதோடு வரும் ஃபைபர் டப்பாவும் சேர்ந்து 9, ஹோம் தியேட்டர் பெட்டி 4, டிவி 1. மீதி 12 வாட் எங்கே என்று தேடியபோது மேஜைக்கு அடியில், மூன்று வருஷத்துக்கு முன்னால் மதர்போர்டு பலகை போன பழைய கணினி ஒன்றுக்கு வாங்கிய யூபிஎஸ், தூசியும் பல்லி முட்டையுமாக இன்னும் சுவிட்ச் போட்டபடியே பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது. எதற்கும் இல்லாமல், சும்மா, தன்னுடைய பேட்டரியைத் தானே காத்துக்கொண்டு மூன்று வருஷம்.

செட்டாப் பாக்ஸ்தான் நிஜமான ஏமாற்று வேலை. ரிமோட்டில் அணைத்தால் விளக்கு நிறம் மாறுகிறதே தவிர, ஓடும்போது 10 வாட் எடுத்தது ஓடாதபோது 9 எடுக்கிறது. நாளைக்கு ஆறு மணி நேரம் டிவி பார்த்தாலும் மீதி 18 மணி நேரம் 9 வாட் வீதம் வருஷத்துக்கு 59 யூனிட். இதோடு ஒப்பிட, செல்போனைத் தினமும் காலியிலிருந்து முழுசாக ஏற்றினாலும் ஒரு தடவைக்கு 25 வாட்-மணிதான், வருஷத்துக்கு 9 யூனிட். "போனை ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டு கரண்ட்ட வீணாக்குறா" என்று அக்கா தன் மகளைத் திட்டுவாள். ஆறு போன் தின்பதை ஒரு செட்டாப் பாக்ஸ் அணைந்த நிலையிலேயே தின்கிறது.

யூபிஎஸ்ஸும் ஹோம் தியேட்டரும் பிளக்கோடு கழன்றன. டிவியும் செட்டாப் பாக்ஸும் ஒரே சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு வந்தன, பார்த்து முடித்தால் சுவிட்ச். பாக்ஸ் மறுபடி உயிர் பெற ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது என்று மச்சான் முதல் வாரம் முனகினார், கடலில் வலையைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்கிறவர்தான். ரவுட்டரை ராத்திரி அணைக்கலாம் என்றேன், அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் வளைகுடாவில் வேலை முடிந்து வீடியோ காலில் வருவதே நம்ம ஊர் நேரம் பன்னிரண்டு மணிக்கு மேல். 9 வாட்டுக்காக அம்மாவையும் மகனையும் பிரிக்கவா, விட்டுவிட்டேன். இன்வெர்ட்டரிலும் கை வைக்கவில்லை, கோடையில் கரண்ட் போனால் அம்மாவுக்கு ஃபேன் வேண்டும். பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளையும் பச்சையுமான பூப்பை மட்டும் சோடா உப்பு கரைத்த சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் வாஸ்லின் தடவி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி மூடினேன்.

மறுபடி எண்ணியபோது ஒரு துடிப்புக்கு 34 விநாடி, 33 வாட். வருஷத்துக்குக் கூட்டிப் பார்த்தால் 200 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே மிச்சம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருகிற பில்லில் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம் என்றிருக்கிற நம்ம ஊரில், பில்லுக்கு 34 யூனிட் மிச்சம் என்பது பெரிய விஷயம்தான். கரியமில வாயுக் கணக்கு வேண்டுமென்றால், இந்திய மின்கட்டத்தில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவை ஒட்டி கார்பன் டை ஆக்சைடு வருகிறது, ஆக 140 கிலோ. கமுதியில் 2016லேயே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தாயிற்றே, நம்ம மாவட்டத்துக் கரண்ட் சுத்தமானதுதானே என்று அக்கா மகள் மடக்கினாள். கரண்ட் ஊர் பார்த்துப் பிரிந்து வருவதில்லை, ராத்திரி செட்டாப் பாக்ஸ் தின்கிற கரண்ட்டுக்குச் சூரியன் பொறுப்பும் இல்லை.

அடுத்தது பாட்டு. அம்மா விடியற்காலையில் யூடியூபில் மாதா பாட்டைப் போட்டால் டிவி மத்தியானம் வரைக்கும் ஓடும், பார்ப்பதற்கு ஆளே இருக்காது, அம்மா அடுப்படியில் இருப்பார். 32 அங்குல டிவி 46 வாட். ஒரு மணி நேர வீடியோ ஸ்ட்ரீமிங்குக்கு உலகச் சராசரியாக 36 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று எரிசக்தி முகமையின் ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதற்குச் செலவாகும் மின்சாரத்தில் 72 சதவீதம் நாம் பார்க்கிற கருவியே எடுப்பது, டேட்டா சென்டரின் பங்கு 5 சதவீதம்தான். இதைப் படித்த பிறகுதான் எனக்கு மெயில் அழித்த மூன்று ராத்திரி இன்னும் கசந்தது. பெரிய திரைதான் குற்றவாளி. அம்மா கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே நாற்பது பாட்டு. அவற்றை ஒரு மெமரி கார்டில் ஏற்றி, திருவிழாக் கடையில் கிடைக்கிற சின்ன எஃப்எம் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். அதற்கு 2 வாட். அதே பெட்டியில் பாம்பனிலிருந்து வருகிற 'கடல் ஓசை 90.4' வானொலியும் எடுக்கிறது, கடல் நிலவரமும் காற்று நிலவரமும் கேட்க மச்சானும் ஸ்பீக்கர் பக்கம் நகர்ந்துவிட்டார். எஃப்எம்மில் இன்னொரு வசதி, பத்துப் பேர் கேட்டாலும் ஆயிரம் பேர் கேட்டாலும் அனுப்புகிற பக்கம் ஒரே செலவு.

இதுவரை நடந்தது சுவிட்ச் வேலை. கையில் ஸ்குரூ டிரைவர் எடுத்த வேலை இனிமேல்தான், எனக்குப் பிடித்ததும் அதுதான்.

அக்காவின் மூத்த மகனுக்குப் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி, பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனபின் பரணில் கிடந்தது. அக்கா மகளுக்குக் கல்லூரிக்கு மடிக்கணினி வேண்டும். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் காட்டியபோது மூடியைக்கூடத் திறக்காமல், "விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சு போச்சு சார், இதெல்லாம் வெயிட்டுக்குத்தான், புதுசு 38 ஆயிரத்துல இருந்து இருக்கு" என்றார்கள்.

புதுசு வாங்குவதில் காசு மட்டும் இல்லை விஷயம். ஒரு மடிக்கணினியைச் செய்து முடிப்பதற்குள்ளேயே ஏறக்குறைய 200 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே போய்விடுகிறது, தயாரிக்கிற நிறுவனங்களே வெளியிடும் கணக்குத் தாள்களைப் புரட்டினால் அந்த அளவுதான் வரும், மாடலுக்கு மாடல் கூடும் குறையும். நாளைக்கு மூன்று மணி நேரம் 15 வாட்டில் ஓட்டினால் வருஷத்துக்கு 16 யூனிட், பதினொன்றரைக் கிலோ. பெட்டியைப் பிரிக்கும் முன்பே பதினேழு வருஷம் ஓட்டிய புகை போய்விட்டது என்று அர்த்தம். போனிலும் கதை இதேதான், ஆயுள் முழுக்க வருகிற புகையில் முக்கால் பங்குக்குப் பக்கம் தயாரிப்பிலேயே முடிந்துவிடும். ஆகவே பரணில் கிடப்பதை எழுப்புவதுதான் பெரிய லாபம்.

திறந்தேன். கடலிலிருந்து எங்கள் வீடு முந்நூறு மீட்டர் இருக்கும், கச்சான் காற்றுக் காலத்தில் மணலும் உப்பும் ஜன்னல் இடுக்கில் வந்து படியும், அதெல்லாம் இதற்குள்ளேயும் படிந்திருந்தது. ஃபேனில் உப்பும் தூசியும் சேர்ந்து கருவாட்டு மண் மாதிரி அப்பிக் கிடந்தது. சார்ஜிங் பின்னில் பச்சைக் களிம்பு. பழைய பித்தளைக் குத்துவிளக்கில் பார்ப்போமே, அதே பச்சை.

சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். கொரோனா காலத்தில் மிஞ்சிய சானிடைசர் பாட்டில் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள், அதில் தண்ணீரும் கிளிசரினும் உண்டு, ஈரத்தை ஒட்டவைத்துவிட்டுப் போகும். முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பழைய பல் பிரஷ்ஷில் ஆல்கஹாலைத் தொட்டுத் தொட்டு மூன்று தடவை தேய்த்ததில் பச்சை போய்ச் செம்பு தெரிந்தது. ஒரு பின் பாதி அரித்துப் போயிருந்தது. சார்ஜிங் பின் தனித் துண்டாக வயரோடு வந்ததால் மாற்றுவது சுலபம், பலகையில் பற்றவைத்த மாடலாக இருந்திருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன். பிராசசர் மேல் இருந்த, சூட்டைக் கடத்துகிற பழைய பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது, சுரண்டி எடுத்துவிட்டுக் கடுகளவு புதுசு வைத்தேன். கடிகார பேட்டரி மாற்றினேன், பலசரக்குக் கடையிலேயே கிடைக்கிற 2032 எண் வட்ட பேட்டரிதான்.

சொதப்பலையும் சொல்லிவிடுகிறேன். கீபோர்டின் பட்டை வயரைப் பிடித்திருக்கிற சின்னக் கறுப்பு பிளாஸ்டிக் பூட்டை மேலே தூக்க வேண்டும், நான் பக்கவாட்டில் இழுத்தேன், டப்பென்று ஒரு காது போயிற்று. பத்து வருஷ உப்புக் காற்றில் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகியிருந்தது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாலும் தப்பு என்னுடையதுதான். வயரின் பின்பக்கம் கேப்டான் என்கிற சூடு தாங்கும் மெல்லிய டேப்பை இரண்டு மடிப்பு ஒட்டி இறுக்கிச் சொருகியதில் நின்றுவிட்டது.

ஹார்ட் டிஸ்க்தான் மந்தத்துக்குக் காரணம். அதைக் கழற்றிவிட்டு, சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்புத் துண்டான எஸ்எஸ்டி 256 ஜிபியில் போட்டேன், 2 ஜிபி ரேமோடு இன்னொரு பழைய மடிக்கணினியில் கழற்றிய 4 ஜிபி துண்டு சேர்ந்தது. எஸ்எஸ்டி செய்யவும் புகை உண்டு என்பதை மறைக்கவில்லை, அதனால்தான் ஒரு டிபி வாங்கு என்று சொன்னவர்களைக் கேட்கவில்லை, இவளுக்கு 256 தாராளம். விண்டோஸை விட்டுவிட்டு, இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. தமிழ்99 விசைப்பலகையும் அதிலேயே வந்துவிட்டது. முன்னே நாலு நிமிஷம் இழுத்துத் திறந்தது இப்போது அரை நிமிஷத்துக்குள். சும்மா இருக்கும்போது 22 வாட் எடுத்தது 14க்கு வந்திருக்கிறது. மொத்தச் செலவு நாலாயிரத்துக்குள்.

கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். உப்பு ஈரம் தனியாக இருந்தால் மெதுவாகத்தான் அரிக்கும், அதோடு மின்னழுத்தமும் சேர்ந்தால் மின்பகுப்பு நடந்து பின்னை வேகமாகத் தின்றுவிடும். ராத்திரி பூரா சார்ஜரைச் சொருகிச் சுவிட்சையும் போட்டபடி விடுவதில் கரண்ட் நஷ்டம் அற்பம், பின் நஷ்டம் பெரிது. அம்மாவின் போன் அடிக்கடி 'ஈரம் இருக்கிறது' என்று சார்ஜ் ஏற மறுத்ததும் இதனால்தான். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சி நுனியில் பஞ்சு சுற்றி ஆல்கஹாலில் நனைத்து, அழுத்தாமல் துடைத்து அரை மணி நேரம் ஆறவிட்டதும் சரியாகிவிட்டது. அரிசிப் பானைக்குள் புதைப்பதெல்லாம் வேண்டாம், அரிசித் தூசிதான் உள்ளே போகும். இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டுவைத்தால் போதும், நிறம் மாறியதும் சூடு காட்டி மறுபடி பயன்படுத்தலாம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உண்டு, அதனால் சமையல் பாத்திரத்தில் சூடாக்காதீர்கள்.

அந்தப் போனை மாற்றிவிடலாம், நான் புதுசு அனுப்புகிறேன் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இன்னொரு காரணம், "இடமில்லை, இடமில்லை" என்று அது அலறியது. பார்த்தால் வாட்ஸ்அப் மட்டும் 21 ஜிபி. காலை வணக்கம் ரோஜாப்பூக்கள், நாட்டு மருந்து வீடியோக்கள், ஒரே கல்யாண வீடியோ ஆறு குரூப்பிலிருந்து ஆறு தடவை. தானாக இறங்குவதை நிறுத்தி, பெரிய கோப்புகளாகப் பார்த்து அழித்ததில் 17 ஜிபி திரும்பி வந்தது. பேட்டரியும் புதுசு போட்டாயிற்று, இன்னும் மூன்று வருஷம் ஓடும். அழிப்பதில் புண்ணியம் இல்லை என்று ஆரம்பத்தில் சொன்னேனே, இந்த ஓர் இடத்தில் உண்டு. எங்கேயோ இருக்கிற சர்வரில் அழித்ததால் ஒன்றும் நடக்கவில்லை, கையில் இருக்கிற போனில் அழித்ததால் ஒரு புதுப் போன் வாங்காமல் தப்பித்தோம்.

மிஞ்சிய குப்பைதான் இன்னும் தீரவில்லை. யூபிஎஸ்ஸின் ஈய பேட்டரியைப் பேட்டரிக் கடை எடைக்கு எடுத்துக்கொண்டது. அம்மா போனிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரி உப்பிப் போனது, அதைப் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிற அண்ணனிடம் போட மனசு வரவில்லை. அவர்மேல் தப்பில்லை, ஆனால் வாங்கிப் போகிற இடத்தில் செம்புக்காக வயரைக் கொளுத்துகிற புகையைக் கடற்கரைப் பக்கம் நானே மோந்திருக்கிறேன். உலகத்தில் 2022ல் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது, முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனது 22.3 சதவீதம்தான் என்கிறது ஐநாவின் கணக்கு. தயாரித்தவர்களே திரும்பப் பெற வேண்டும் என்று நம் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் புது விதி நடைமுறையில் இருக்கிறது, எங்கள் தங்கச்சிமடம் வரைக்கும் அதற்கு ஒரு பெட்டி வந்து சேரவில்லை. பேட்டரி இப்போது ஒரு பிஸ்கட் டின்னில், காய்ந்த மணலுக்குள், கொல்லைப்புறத்து நிழலில் இருக்கிறது. அடுத்த தடவை மதுரைக்குப் போகும்போது கொண்டு போக வேண்டும்.

மடிக்கணினியில் ஒரே ஒரு குறை பாக்கி. கீபோர்டில் வலது ஓரத்துச் சாய்கோட்டு விசை எத்தனை தடவை துடைத்தும் வேலை செய்யவில்லை, தமிழ்99ல் 'ழ' இருப்பது அங்கேதான். மாற்றுக் கீபோர்டு தேடுகிறேன் என்றதற்கு அக்கா மகள், "விடுங்க மாமா, நம்ம ஊர்ல வாளப்பளம்னுதானே சொல்றோம்" என்று ளகரம் போட்டே தட்டிக்கொண்டிருக்கிறாள்.